முதல் மனு எழுதுகிறீர்களா? ஏற்காடு, சேலம் பகுதிக்கான ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் ஊருக்குப் போகும் சாலையின் தடுப்புச் சுவர் சரிந்தது. அதைத் திரும்பக் கட்டவைப்பதற்குள் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்ட, மலைக்கும் சேலத்துக்குமாக நிறையவே அலைந்தோம். "மனுவில் கிளாரிட்டி இல்லை" என்ற வார்த்தையை எல்லா மேசைகளிலும் கேட்டோம். அப்படி என்றால் என்ன, எதைச் சேர்த்தால் அது வரும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாலைக்காக எழுதினாலும் குடிநீர், தெருவிளக்கு, பட்டா என்று எதற்கும் இதே முறைதான்.

தெளிவான மனுவுக்கு அழகான தமிழ் தேவையில்லை. உங்கள் ஊரைப் பார்த்தே இராத ஒருவர், அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்து நிற்க முடிய வேண்டும். வந்து நின்றபின் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதும் அவருக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான்.

1. உங்களுக்கு வேண்டியது வேலையா, தகவலா என்று முடிவு செய்யுங்கள்

ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் அது குறைதீர் மனு. ஓர் ஆவணத்தின் நகல் வேண்டும் என்றால் அது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கொடுக்கும் மனு. இரண்டும் வேறு வேறு வழியில் போகும், வேறு வேறு ஆட்கள் பார்ப்பார்கள்.

ஒரே தாளில் "சுவரைக் கட்டித் தாருங்கள், ஏன் கட்டவில்லை என்றும் சொல்லுங்கள்" என்று எழுதினால் இரண்டும் நடக்காது. தகவல் அலுவலர் "இது குறை, தகவல் அல்ல" என்று முடித்துவிடுவார். குறை மனுவைப் பார்ப்பவருக்கோ நகல் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. முதலில் குறை மனு கொடுங்கள். அது அசையவில்லை என்றால் அப்புறம் தகவல் மனு.

அதேபோல் ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். சாலை, விளக்கு, ரேஷன் கடை மூன்றையும் ஒன்றாக எழுதினால், முதலில் எது கண்ணில் படுகிறதோ அந்தத் துறைக்கு மனு போகும். மற்ற இரண்டும் அங்கேயே தூங்கும்.

2. அந்தச் சாலை யாருடையது?

இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். மலையில் இது சமவெளியைவிடச் சிக்கலானது. ஏற்காடு பார்க்க நகரம்போல இருந்தாலும் நகராட்சி கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு மேல் ஏற்காடு ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது. நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மடுவு போன்ற ஊராட்சிகள் அந்த ஒன்றியத்துக்குள் வருகின்றன. ஒரே பாதை கொஞ்ச தூரம் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும், பிறகு ஒன்றியச் சாலையாகும், நடுவில் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும், கடைசித் துண்டு ஏதாவது காபித் தோட்டத்தின் சொந்த வழியாகவும் இருக்கலாம். அந்தக் கடைசித் துண்டில் அரசு ஒரு கல்லைக்கூடப் போடாது. அதனால் உடைந்த இடம் எந்தத் துண்டில் விழுகிறது என்று பாருங்கள்.

பார்க்கும் வழிகள்:

கிலோமீட்டர் கல்லின் தலை நிறம். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாவட்டச் சாலைக்குக் கறுப்பு அல்லது நீலம். ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. வண்ணம் உரிந்திருந்தாலும் கல்லில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் தேவைப்படும்.

திட்டப் பலகை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் தொடக்கத்தில் ஒரு பலகை நிற்கும். அதில் சாலையின் பெயர், நீளம், முடித்த தேதி இருக்கும். அதை அவசியம் படம் எடுங்கள். அந்தத் திட்டச் சாலைகளை முடித்த தேதியிலிருந்து 5 ஆண்டு பராமரிக்க வேண்டியது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் உடைந்திருந்தால் புதிய நிதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இதைச் சொல்லாமல் எழுதினால் "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்ற பதில்தான் வரும்.

அ-பதிவேடு, அதாவது ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று பதிந்த வருவாய்த் துறைப் பதிவேடு. தமிழ்நாடு அரசின் நிலப் பதிவுத் தளத்தில் மாவட்டம் சேலம், வட்டம் ஏற்காடு, உங்கள் வருவாய்க் கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துப் புல எண்ணை (சர்வே எண்) போட்டால், அந்த நிலம் என்ன வகை என்று காட்டும். சாலையா, வண்டிப்பாதையா, அரசுப் புறம்போக்கா, தனியார் பட்டாவா என்பது அதில் தெரிந்துவிடும். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். இவற்றுக்குக் கட்டணம் கிடையாது, கைபேசிக்கு ஓடிபி வரும் அளவுக்கு சிக்னல் இருந்தால் போதும். புல எண்ணே தெரியாது என்றால் பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவைக் கேட்டு வாங்கி, அதன் புலப்படத்தில் எல்லையாக வரும் பாதையின் எண்ணைப் பிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, நாம் வாயால் சொல்லும் ஊர்ப்பெயர் வேறு. மலையில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. மூன்றையும் எழுதுங்கள்.

சேலம் நகருக்குள் இருப்பவர்களுக்கு இந்த வேலை எளிது. மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலங்களும் 60 வார்டுகளும் உண்டு. சொத்துவரி ரசீதிலேயே வார்டு எண் இருக்கும்.

3. மனு எழுதும் முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

புலப்படம், அ-பதிவேட்டுப் பக்கம், படங்கள், பழைய மனுக்களின் எண்கள். இவை போதும்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் உடைந்த இடத்தை மட்டும் கிட்டே போய் எடுக்கிறார்கள். அதில் மண்ணும் கல்லும்தான் தெரியும், மலையில் எல்லா இடமும் அப்படித்தான் இருக்கும். முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், அதில் கிலோமீட்டர் கல்லோ பள்ளிக்கூடமோ கோயிலோ தெரிய வேண்டும். இரண்டாவது கிட்டத்தில், ஓர் ஆள் பக்கத்தில் நின்றபடி, அளவு புரிவதற்காக. தேதியும் இடமும் படத்தின் மேலேயே பதியும் கேமரா செயலிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மூடுபனி இறங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். படத்தைத் தாளில் அச்சிட்டு, பின்பக்கம் எந்த இடம் என்று பேனாவால் எழுதுங்கள். கைபேசியில் காட்டும் படம் கோப்பில் ஏறாது.

ஊராட்சியோ ஒன்றியமோ செய்ய வேண்டிய வேலை என்றால் கிராம சபைத் தீர்மானத்தின் நகலைச் சேருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மழையில் உடைந்தது என்றால் நவம்பர் 1 அல்லது ஜனவரி 26 கூட்டத்தில் எழுந்து சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டத்தில் பேசியதெல்லாம் தீர்மானம் ஆகிவிடாது. எழுதினால்தான் தீர்மானம்.

அலுவலகத்தில் கேட்டால் தவிர ஆதார் நகலை இணைக்காதீர்கள். சாலை மனுவுக்கு அது தேவையே இல்லை.

4. மனுவின் உடல்

வெள்ளைத் தாள், ஒரு பக்கம். ஓரத்தில் கோப்பில் கோக்க இடம் விடுங்கள். அனுப்புநரில் உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, பின்கோடு, கைபேசி எண். ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டாலும் பதில் யாருக்கு வர வேண்டும் என்று ஒருவர் பெயரை மட்டும் அனுப்புநராக எழுதுங்கள். மற்ற கையெழுத்துகளைத் தனித் தாளில், ஒவ்வொருவரின் பெயரும் வீட்டு எண்ணும் படிக்கும்படி எழுதி இணைப்பாகச் சேருங்கள்.

பெறுநரில் பதவியை எழுதுங்கள், அதிகாரியின் பெயரை எழுதாதீர்கள். அவர் மாறுதலில் போய்விட்டால் மனு அவர் பெயரோடு மேசையில் கிடக்கும்.

பொருள் என்ற வரிதான் மனுவில் முக்கியமானது. பதிவேட்டில் ஏறுவது அந்த வரி மட்டும்தான். கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கு:

*பொருள்: ஏற்காடு வட்டம், (வருவாய்க் கிராமம்), (ஊராட்சி), (சாலையின் பெயர்) 2-ஆவது கிலோமீட்டர் கல்லிலிருந்து ஊர் நோக்கி 150 மீட்டர் தூரத்தில், புல எண் 112/3-ஐ ஒட்டிச் சரிந்த 12 மீட்டர் நீளத் தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்டித்தரக் கோருதல் தொடர்பாக.*

*பார்வை: 1. நாளது (தேதி) கிராம சபைத் தீர்மானம் எண் (…). 2. எங்கள் முந்தைய மனு எண் (…), நாள் (…).*

அதன்பின் மூன்று பத்தி போதும். என்று, எப்படி நடந்தது என்பது முதல் பத்தி. அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்பது இரண்டாவது: எத்தனை வீடுகள், பள்ளி வண்டி வருகிறதா, 108 ஆம்புலன்ஸ் எதுவரை வர முடிகிறது, காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் லோடு வண்டி எங்கே நிற்கிறது. மூன்றாவது பத்தியில் கோரிக்கை. அந்தப் பத்தியில் கோரிக்கையைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

வரலாறு சொல்லத் தொடங்காதீர்கள். தாத்தா காலத்தில் பாதை எப்படி இருந்தது என்பது நமக்குப் பெரிது. கோப்பில் அதற்கு இடமில்லை.

5. மனுவைக் கலக்கும் சொற்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தெளிதல் என்ற சொல்லின் அடிப்பொருளே கலங்கிய நீரில் மண் அடியில் தங்கி, மேலே தண்ணீர் துலங்குவதுதான். தேற்றாங்கொட்டையை உரசி விட்டுக் குடத்துத் தண்ணீரைத் தெளியவைப்பதுபோல, எழுதி முடித்த மனுவில் மண்ணாக மிதக்கும் சொற்களைத் தேடிப் பிடித்து அடியில் தள்ள வேண்டும். அவை எல்லாம் தப்பான சொற்கள் அல்ல. பேச்சில் சரியாக இருக்கும் சொற்கள்தான் தாளில் இரண்டு பொருள் தருகின்றன.

மேலே, கீழே. மலையில் இருப்பவர்களுக்கு "கீழே" என்றால் சேலம், அல்லது சரிவில் தாழ்ந்த பக்கம். சேலத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு "கீழே" என்றால் இந்தத் தாளின் அடிப்பகுதி. "சுவருக்குக் கீழே உள்ள வீடுகள்" என்றால் சுவரை ஒட்டியா, பள்ளத்தில் நூறு அடி தள்ளியா? "சாலைக்குத் தெற்கே, சரிவில் 20 மீட்டர் தாழ்வாக உள்ள 6 வீடுகள்" என்று எழுதினால் சந்தேகம் இல்லை.

சமீபத்தில். தேதியைப் போடுங்கள். சரியான நாள் தெரியாவிட்டால் "2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது" என்று ஊரறிந்த நிகழ்வோடு சேர்த்து எழுதுங்கள். அந்த மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது, அதிகாரிகளுக்கும் நினைவிருக்கும். தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. மழைச் சேதமாகப் பதிவாகும் வேலைக்கும் வழக்கமான பராமரிப்பு வேலைக்கும் நிதி வரும் வழி வேறு வேறு.

உடைந்தது, உடைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டில் மனுவே திசை மாறிவிடும். "உடைந்தது" என்றால் மழையிலோ பழுதிலோ. "உடைக்கப்பட்டது" என்றால் யாரோ உடைத்தார்கள் என்று பொருள், உடனே "யார், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா" என்ற கேள்வி வரும். எழுத்துத் தமிழ் என்றால் "-ப்பட்டது" என்று முடிக்க வேண்டும் என்ற பழக்கத்தில் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள். மழை உடைத்ததை "மழையில் உடைந்தது" என்றே எழுதுங்கள். ஆள் உடைத்தது தெரியும் என்றால் யார் என்று எழுதுங்கள்.

மேற்படி. மனுவில் ஒரே ஒரு சாலை இருந்தால் "மேற்படி சாலை" சரி. இரண்டு சாலை, ஒரு பாலம், இரண்டு புல எண் வந்தபின் "மேற்படி" எதைச் சுட்டும்? பெயரைத் திரும்ப எழுதுங்கள். ஒரே பெயர் நாலு முறை வந்தால் நடை கெடும் என்று பள்ளியில் சொன்னார்கள், மனுவில் அது பொருந்தாது.

அவர்கள். மரியாதைக்கும் அவர்கள், பன்மைக்கும் அவர்கள். "பொறியாளர் அவர்கள் ஒப்பந்ததாரரிடம் சொன்னார்கள், ஆனால் அவர்கள் வரவில்லை." வராதது யார்? "ஒப்பந்ததாரர் வரவில்லை" என்று முடித்துவிடுங்கள்.

பலமுறை மனு கொடுத்தும். எண்ணும் தேதியும் இல்லாத பழைய மனுவைத் தேடி எடுக்க முடியாது. பார்வையில் எழுதுங்கள், இல்லை என்றால் இந்தச் சொற்றொடரையே விட்டுவிடுங்கள்.

தோட்டப் பெயர்கள். எஸ்டேட்டுகள் கைமாறும், ஊர்க்காரர்கள் பழைய முதலாளி காலத்துப் பெயரையே சொல்வோம். பட்டாவில் இருப்பது வேறு. புல எண் எழுதினால் இந்தக் குழப்பமே எழாது.

அளவுகள். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நாம் ஏக்கர், சென்ட் சொல்வோம். 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஏக்கர் ஏறக்குறைய 40.47 ஏர். நில விஷயமாக எழுதினால் பட்டாவில் உள்ள அலகையே எழுதி, வேண்டுமானால் சென்ட்டைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, உரிய நடவடிக்கை எடுக்குமாறு, ஆவன செய்யுமாறு. இதுதான் மிக மோசமானது, ஏனென்றால் மிக மரியாதையாகத் தோன்றுகிறது. "உரிய நடவடிக்கை" கேட்ட மனுவை "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒரே வரியில் முடித்துவிடலாம். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டதாகத்தான் கணக்கு. "இடத்தை ஆய்வு செய்து, மதிப்பீடு தயாரித்து, 12 மீட்டர் தடுப்புச் சுவரைக் கட்டித் தர வேண்டுகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். இதை முடிக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் இடத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

எழுதி முடித்ததும் உங்கள் ஊர் அல்லாத ஒருவரிடம், சேலத்தில் இருக்கும் சொந்தக்காரரிடமோ நண்பரிடமோ, படிக்கக் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் இருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை மனுவுக்குள் போக வேண்டும். அலுவலகத்தில் "கிளாரிட்டி இல்லை" என்று சொன்னாலும் இதையே செய்யுங்கள்: "இடமா, தேதியா, கோரிக்கையா, எது புரியவில்லை?" என்று பணிவாகக் கேட்டு, விடையை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

6. எங்கே, எப்போது கொடுப்பது

ஒன்றியச் சாலைக்கு ஏற்காட்டில் உள்ள ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு முதலில் கொடுங்கள். வேலை நடக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே அசைவு இல்லை என்றால் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காலையிலேயே வரிசை நீளும், மலையிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடிப்பது நல்லது. 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வர வேண்டும், மழை நாளில் நேரத்தை நம்ப முடியாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். அரசு விடுமுறையிலும் தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போதும் கூட்டம் இருக்காது, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கணினியில் பதிந்து தரும் மனு எண்தான் இனி உங்கள் மனுவின் பெயர், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் மனுவைப் பதியலாம், வர முடியாத முதியவர்களுக்கு அது வசதி. படங்களும் புலப்படமும் சேர்க்க வேண்டியிருந்தால் நேரில் கொடுப்பதே நல்லது.

ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பெரிய உதவி. ஆனால் அவர்கள் கையில் பழகிய வாசகம் ஒன்று இருக்கும், அதில் "ஆவன செய்யுமாறு" கட்டாயம் வரும். பொருள் வரியையும் கடைசிப் பத்தியையும் நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூலியை முன்பே பேசிவிடுங்கள்.

மனு கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. ஜெராக்ஸ், படம் அச்சிடுதல், பேருந்து, இவ்வளவுதான் செலவு.

7. அசையவில்லை என்றால் தகவல் மனு

மாநில அரசு அலுவலகம் என்றால் கட்டணம் ரூ.10. அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக, அதாவது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாக, மனுவிலேயே ஒட்டலாம். முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும், அஸ்தம்பட்டி நீதிமன்றப் பக்கம் போனால் சுலபம். மலையில் இருப்பவர்கள் சேலம் வரும்போது நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப்போ அஞ்சல் தலையோ ஒட்டினால் செல்லாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை.

சேலம் ரயில்வே கோட்டம், இரும்பாலை, அஞ்சல் துறை, தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் ஆகியவை மத்திய அரசின் கீழ் வருபவை. அங்கே நீதிமன்ற வில்லையை ஏற்க மாட்டார்கள். ரூ.10-க்கு அஞ்சல் ஆணை எடுக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் இணையதளத்தில் செலுத்தலாம்.

மனு தமிழிலேயே இருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்தின் 6(2) பிரிவு அதைச் சொல்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை.

இங்கே தெளிவு வேறு மாதிரி வேலை செய்கிறது. "ஏன் சுவரைக் கட்டவில்லை?" என்ற கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குப் பதில் வராது. பதிவேட்டில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே கேள்வி கேட்காதீர்கள், தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

*எனது (தேதி) மனு எண் (…) மீது இன்றுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கடிதப் பக்கங்களின் நகல்.*

*(சாலையின் பெயர்) என்ற சாலைக்குக் கடைசியாக வழங்கிய பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், அளவைப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் நகல்.*

*ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடியும் தேதியைக் காட்டும் ஆவணத்தின் நகல்.*

அளவைப் புத்தகத்தைப் பொறியாளர்கள் எம் புக் என்பார்கள். செய்த வேலையின் நீளம், அகலம், உயரம் அனைத்தும் அதில்தான் இருக்கும். எங்கள் சுவர் விஷயத்தில் பேச்சு மாறியது அந்தப் பக்கங்கள் கைக்கு வந்தபின்தான்.

தபாலில் அனுப்புபவர்கள் கவனியுங்கள். "ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்" என்று பழைய குறிப்புகளில் இருக்கும். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்று வேண்டும் என்று கவுண்டரிலேயே கேளுங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும்.

8. நாட்களை எப்படி எண்ணுவது

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். நீங்கள் தபாலில் போட்ட நாளிலிருந்து அல்ல. தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரம்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: "நகல்களுக்கு இவ்வளவு ரூபாய் கட்டுங்கள்" என்று ஒரு கடிதம் வரும். பக்கத்துக்கு ரூ.2 கணக்கு. நீங்கள் கட்டும்வரை அந்த 30 நாள் ஓடாது. உடனே கட்டி, ரசீது நகலை அனுப்பிவிடுங்கள். கெடு தாண்டிய பிறகு தந்தால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும், 7(6) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

9. வந்த பதிலைப் படிப்பது

"இவ்வலுவலக வரம்பிற்கு உட்பட்டதல்ல" என்றால், எந்த அலுவலக வரம்பு என்று அதே தாளில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது நல்ல பதில், அடுத்த மனுவில் பார்வையில் சேருங்கள். அதில் சொன்ன அலுவலகம் மறுப்பது கடினமாகும்.

"தொடர் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்றால் யாருக்கு, எந்தக் கடித எண்ணில் என்று பாருங்கள். ந.க. எண், அதாவது கோப்பின் எண், இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

"தெளிவுரை கோரப்பட்டுள்ளது" என்றால், உங்கள் மனு புரியவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் வேறு. எந்த விதியின்படி செய்வது என்று தங்கள் மேல் அலுவலகத்திடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இனி மனு காத்திருப்பது அங்கே. அந்தக் கடிதத்தின் நகலைத் தகவல் மனுவில் கேட்டு வாங்கினால், என்ன சந்தேகம் என்று தெரியும். பல சமயம் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் தாள் உங்கள் கையிலேயே இருக்கும்.

10. மேல்முறையீடு

30 நாளில் பதில் இல்லை, அல்லது பாதி பதில்தான் வந்தது என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1) பிரிவில் எழுதுங்கள். இதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. வசைபாட வேண்டாம். கேட்ட இனம் (எந்த நகல் என்பது), வந்த பதில், வராதது என்று இனவாரியாக எழுதுங்கள். "இனம் 2-இல் அளவைப் புத்தக நகல் கேட்டேன், மதிப்பீடு மட்டும் வந்தது" என்ற ஒரு வரி, ஒரு பக்க ஆதங்கத்தைவிட வலுவானது. 30 நாளில், காரணம் எழுதிவைத்தால் 45 நாளுக்குள், முடிவு செய்ய வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் முடிவு வந்த நாளிலிருந்தோ வந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு 19(3) பிரிவில் இரண்டாம் மேல்முறையீடு. முதல் மனு, அனுப்பிய சான்று, வந்த பதில், முதல் மேல்முறையீடு ஆகியவற்றைத் தேதி வரிசையில் எண் போட்டு இணையுங்கள். காரணமின்றித் தகவலை மறுத்த அலுவலருக்கு நாளுக்கு ரூ.250 வீதம், ரூ.25,000 வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விசாரணைக்கு நாள் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை குறை மனுவை நிறுத்தத் தேவையில்லை, புதிதாகக் கிடைத்த நகல்களை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மறுபடி கொடுங்கள்.